எரியும் உலோகத்தை அணைப்பது எப்படி: 'டி' வகைத் தீக்கான முழுமையான வழிகாட்டி

மக்னீசியச் சீவல் குவியலொன்று தீப்பற்றும்போது அருகில் நிற்பவர் செய்யக்கூடிய மிக மோசமான காரியம், கைக்கு எட்டிய தண்ணீர் வாளியை அதன்மேல் கவிழ்ப்பதாகும். சுவரில் மாட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை எடுத்து அடிப்பதும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தவறானதே. மரமும் துணியும் பெட்ரோலும் எரியும்போது செய்வதற்கு நாம் பழகியிருக்கும் செயல்களில் பெரும்பாலானவை உலோகத் தீயின் முன் எதிர்விளைவையே தருகின்றன. உலோகத் தீயைப் பாய்ந்து அடித்து அணைக்க முடியாது. பொருத்தமான உலர்ந்த பொருளால் அதை முழுமையாக மூடிக் காற்றிலிருந்து பிரித்து, உள்ளிருக்கும் வெப்பம் தானாக வடியும்வரை தொடாமல் விட்டுவைக்க வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு வேலைக்காகவே அமைந்தவை. பட்டறையிலோ ஆய்வகத்திலோ வார்ப்படச் சாலையிலோ இத்தகைய உலோகங்களைக் கையாள்பவர்கள், தீ வருவதற்கு முன்பே இவற்றைப் படித்து, தங்கள் இடத்துக்கு ஏற்ப முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

எந்தெந்த உலோகங்கள் இந்த வகையில் சேரும்

தீயை வகைப்படுத்தும் முறைகள் நாட்டுக்கு நாடு சற்றே மாறினாலும், எரியும் உலோகங்களுக்கு 'டி' என்ற எழுத்தே பரவலாக வழங்குகிறது. சோடியம், பொட்டாசியம், லித்தியம் ஆகிய கார உலோகங்களும், சோடியமும் பொட்டாசியமும் கலந்து அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் கலவையும் இதில் முதலில் வருபவை. அடுத்து மக்னீசியமும் அதன் கலப்புலோகங்களும், பிறகு டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம் போன்றவையும் வருகின்றன. அலுமினியமும் துத்தநாகமும் கட்டியாக இருக்கும்போது அச்சம் தருவதில்லை என்றாலும், தூளாகிவிட்டால் அவையும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன.

உலோகத்தின் பெயரைக் காட்டிலும் அதன் வடிவமே ஆபத்தின் அளவைத் தீர்மானிக்கிறது என்று சொன்னாலும் மிகையாகாது. மக்னீசியத்தின் உருகுநிலை 650 டிகிரி செல்சியஸ். ஒரு பெரிய மக்னீசியப் பாளத்தை எரியவைக்க வேண்டுமானால், அதை ஏறத்தாழ அந்த அளவுக்குச் சூடாக்க வேண்டும்; பாளம் வெப்பத்தை உள்ளே கடத்திப் பரப்பிவிடுவதால் ஒரு மூலை மட்டும் எளிதில் பற்றிக்கொள்வதில்லை. அதே உலோகத்தைக் கடைசல் இயந்திரத்தில் மெல்லிய சுருளாகச் சீவினால், ஒரு தீக்குச்சியே அதைப் பற்றவைக்கப் போதும். இன்னும் நுண்ணிய தூளாகிக் காற்றில் மிதந்தால், எரிதல் என்ற கட்டத்தைத் தாண்டி அது வெடிப்பாகவே மாறிவிடும். சீனாவின் குன்ஷான் நகரில் 2014 ஆகஸ்ட் 2 அன்று, வாகனச் சக்கரங்களை மெருகேற்றும் தொழிற்சாலையொன்றில் தேங்கியிருந்த அலுமினியத் தூள் வெடித்ததில் 146 பேர் உயிரிழந்தனர். சக்கரங்களாக அங்கிருந்த அலுமினியத்தால் அந்த விபத்து நேரவில்லை; மெருகேற்றும்போது பறந்த தூளால்தான் நேர்ந்தது.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். கைபேசியிலும் மின்வாகனத்திலும் இருக்கும் லித்தியம் அயனி மின்கலம் தீப்பற்றுவது 'டி' வகைத் தீ அன்று. அதில் லித்தியம் தனி உலோகமாக இல்லாமல் சேர்மங்களாகவே இருக்கிறது; எரிவது பெரும்பாலும் உள்ளிருக்கும் கரிமக் கரைப்பானும் நெகிழியும்தான். அந்தத் தீக்குக் குளிர்விப்பே மருந்து என்பதால், அங்கே ஏராளமான தண்ணீர் பயன்படுகிறது. பெயரில் லித்தியம் இருக்கிறது என்பதற்காக அதன்மேல் உலோகத் தீக்கான பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தால், வெப்பம் உள்ளேயே தங்கி அடுத்தடுத்த கலங்களுக்குப் பரவ வழிவிட்டவர்களாவோம்.

வழக்கமான தீயணைப்புப் பொருட்கள் ஏன் உதவுவதில்லை

இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்று நேரே படிகளைப் படிக்கத் தோன்றலாம். ஆனால் காரணம் புரியாதவர் பதற்றத்தில் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவார் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எரிந்துகொண்டிருக்கும் மக்னீசியத்துக்கு ஆக்சிஜன்மேல் உள்ள ஈர்ப்பு மிக வலுவானது. அது தண்ணீரிலிருந்தும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே விட்டுவிடுகிறது. அந்த ஹைட்ரஜன் காற்றோடு கலந்து உடனே வெடிக்கிறது. இது போதாதென்று, உருகிய உலோகத்துக்கு அடியில் சிக்கிக்கொள்ளும் தண்ணீர் நொடியில் நீராவியாகிப் பல மடங்கு விரிவதால், எரியும் உலோகத் துளிகள் நாலாபுறமும் தெறிக்கின்றன. சோடியமும் பொட்டாசியமும் எரியாத நிலையிலேயே தண்ணீரோடு இப்படி வினைபுரிபவை. அவை எரியும்போது தண்ணீர் சேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லே மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் கார் ஒன்று மோதிச் சிதறி, அதன் பாகங்கள் பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்தக் காரின் மக்னீசியக் கலப்புலோக உடல் தீப்பற்றி எரிந்தது. மீட்புப் பணியாளர்கள் தண்ணீரை ஊற்றியதால் அந்தத் தீ மேலும் உக்கிரமாகி, பல மணி நேரம் எரிந்தது. நுரைத் தீயணைப்பானும் இதே காரணத்தால் ஆகாது. நுரையின் பெரும்பகுதி தண்ணீர்தான்.

கார்பன் டை ஆக்சைடு காற்றை விலக்கித் தீயை அடக்கும் வாயு. ஆனால் மக்னீசியம் அதிலிருக்கும் ஆக்சிஜனையும் பிடுங்கிக்கொண்டு எரிகிறது. உலர் பனிக்கட்டியின், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடின், குழிக்குள் மக்னீசியத்தைப் பற்றவைத்து மேலே மற்றொரு கட்டியால் மூடினாலும் அது உள்ளே பளீரென்று எரிந்துகொண்டே இருப்பதையும், முடிவில் வெள்ளை ஆக்சைடோடு கரியும் மிஞ்சுவதையும் வேதியியல் வகுப்புகளில் செய்து காட்டுவது உண்டு. நைட்ரஜனும் எல்லா உலோகத்துக்கும் பாதுகாப்பான போர்வை அன்று. மக்னீசியம், லித்தியம், டைட்டானியம் ஆகியவை நைட்ரஜனோடும் வினைபுரிகின்றன. சூடான டைட்டானியம் நைட்ரஜனிலேயே எரியக்கூடியது. சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் நைட்ரஜன் நல்ல காவல். எந்த உலோகமானாலும் நம்பத்தகுந்தவை ஆர்கானும் ஹீலியமும்தான். அவையும் மூடிய கலத்துக்குள் மட்டுமே பயன்படும். திறந்த வெளியில் காற்று அவற்றைக் கலைத்துவிடும்.

வீடுகளிலும் அலுவலகங்களிலும் காணப்படும் ஏபிசி வகைப் பொடித் தீயணைப்பானில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியம் பாஸ்பேட் சார்ந்த பொடி. அது வெப்பத்தில் சிதைந்து நீராவியையும் அம்மோனியாவையும் விடுவதோடு, அதன் பீறிட்டுவரும் வேகமே எரியும் சீவல்களை அடித்துச் சிதறடித்துவிடும். 'டிரை பவுடர்' என்று எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து எதையும் எடுத்துவிடக் கூடாது. உருளையின்மேல் 'டி' என்ற எழுத்தும், அது எந்த உலோகங்களுக்கு உரியது என்ற பட்டியலும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மணலைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. முற்றிலும் உலர்ந்த மணல், கைப்பிடி அளவு சோடியம் எரியும் ஆய்வக விபத்தில் உதவும்; வேறெதுவும் இல்லாத இடத்தில் அது ஏற்கத்தக்கதே. ஆனால் வெளியில் குவித்துவைத்த மணலில் எப்போதும் ஈரம் இருக்கும். தவிரவும், கடுமையாக எரியும் மக்னீசியமும் லித்தியமும் மணலின் சிலிக்காவிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள வல்லவை. ஆகவே, சிவப்பு வாளியில் மணல் தொங்குகிறது என்ற ஆறுதலில் மக்னீசியப் பட்டறை நடத்துவது முறையன்று.

முன்னேற்பாடு: உலோகத்துக்கு ஏற்ற பொடியைத் தேர்ந்தெடுத்தல்

ஓரிடத்தில் கையாளப்படும் உலோகங்கள் எவை, எந்த வடிவில், எவ்வளவு இருக்கின்றன என்பதை முதலில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். எல்லா உலோகங்களுக்கும் பொதுவான ஒரே பொடி என்று எதுவும் இல்லாததால், இந்தப் பட்டியல் இல்லாமல் வாங்கும் எந்தத் தீயணைப்பானும் ஊகத்தின்பேரில் வாங்கியதாகவே இருக்கும்.

பரவலாகக் கிடைப்பது சோடியம் குளோரைடை, அதாவது சாதாரண உப்பின் வேதிப்பொருளையே, அடிப்படையாகக் கொண்ட பொடி. அது கட்டிபிடிக்காமல் தடையின்றிப் பாய்வதற்கான பொருளும், வெப்பத்தில் உருகித் துகள்களை ஒன்றாகப் பிணைக்கும் நெகிழிப் பொருளும் அதில் சேர்க்கப்பட்டிருக்கும். தீயின்மேல் விழுந்ததும் அது இறுகிய மேலோடாக மாறிக் காற்றை அடைத்துவிடுகிறது. மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், அலுமினியத் தூள் ஆகியவற்றுக்கு இது ஏற்றது.

கிராஃபைட் பொடி வேறு வழியில் வேலை செய்கிறது. அது காற்றை மறைப்பதோடு, வெப்பத்தை நன்கு கடத்துவதால் உலோகத்தின் சூட்டை உறிஞ்சி வெளியே எடுத்துச் செல்கிறது. லித்தியம் உள்ளிட்ட பல உலோகங்களுக்கு இது பொருந்தும். லித்தியத்துக்கென்றே அமெரிக்கக் கடற்படை உருவாக்கியது செப்புப் பொடி. செம்பு லித்தியத்தோடு கலந்து எரியாத கலப்புலோகப் படலமாக மேலே படிந்துகொள்கிறது. செங்குத்தான பரப்பிலும் வழியாமல் ஒட்டுகிறது. லித்தியத் தீயில் உப்புப் பொடியையும் சோடியம் கார்பனேட்டையும் பயன்படுத்தக் கூடாது. லித்தியம் அவற்றோடு வினைபுரியும்.

நீரற்ற சோடியம் கார்பனேட், அதாவது சோடா சாம்பல், சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் எளிமையான நல்ல தீர்வு. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களும் கலங்களும் உள்ள சோடிய ஆலைகளில் குளோரைடு படிந்தால் எஃகில் அரிப்பு விரிசல் உண்டாகக்கூடும் என்பதால், அங்கே உப்புப் பொடிக்குப் பதிலாக இதையே விரும்பித் தேர்கிறார்கள். பேரியம் குளோரைடு உள்ளிட்ட மூன்று உப்புகள் கலந்த பொடி ஒன்றும் உண்டு. அது நன்றாக வேலை செய்தாலும் பேரியம் நச்சானது என்பதால், வேறு வழி இருக்கும்போது அதை நாடாதிருப்பதே என் பரிந்துரை.

இயந்திரப் பட்டறைகளில் சுத்தமான வார்ப்பிரும்புச் சீவலை மக்னீசியத் தீயின்மேல் கொட்டும் பழைய வழக்கமும் உண்டு. அது வெப்பத்தை உறிஞ்சிக் குளிர்விக்கும். ஆனால் அந்தச் சீவலில் எண்ணெய் இருக்கக் கூடாது, துருவும் இருக்கக் கூடாது. துரு என்பது இரும்பு ஆக்சைடு. எரியும் மக்னீசியம் அதோடு சேர்ந்தால் தண்டவாளங்களை உருக்கி இணைக்கப் பயன்படும் தெர்மைட் கலவையைப் போன்ற கடும் வினை தொடங்கிவிடும்.

பொடியைத் தேர்ந்த பிறகு, அதை வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கட்டிபிடித்த பொடி பரவாது, அதிலுள்ள ஈரமோ வெடிப்புக்கு வித்தாகும். எனவே காற்றுப் புகாத மூடியுள்ள வாளியில், நீண்ட கைப்பிடியுள்ள உலர்ந்த இரும்பு மண்வாரியோடு சேர்த்து, உலோகம் கையாளும் இடத்துக்கு அருகிலேயே, ஆனால் தீ எழும் இடத்தைக் கடக்காமல் எடுக்கும்படி வைக்க வேண்டும். அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரநிலை ஒன்று, 'டி' வகைத் தீயணைப்பானை அடைய நடக்க வேண்டிய தூரம் சுமார் 23 மீட்டருக்கு மிகக் கூடாது என்கிறது. சீவல் குவியும் இயந்திரத்துக்கு அந்தத் தூரமும் அதிகம் என்பேன். வாளி கண்ணில் படும் தூரத்தில் இருக்கட்டும். உருளை வகைத் தீயணைப்பான்களில் நீண்ட குழல்முனை பொருத்தியதையே வாங்க வேண்டும். அந்தக் குழல் பொடியின் வேகத்தைத் தணித்து, அதை மெதுவாகக் கீழே இறங்கச் செய்கிறது.

அணிய வேண்டிய பாதுகாப்புப் பொருட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தீத்தடுப்பு உடை, உலர்ந்த தோல் கையுறை, முகக்கவசம், மூடிய காலணி ஆகியவை வேண்டும். உருகி உடலில் ஒட்டும் செயற்கை இழை ஆடைகள் கூடாது. மக்னீசியத்தின் வெள்ளொளியில் புற ஊதாக் கதிரும் கலந்திருப்பதால், வெல்டிங் செய்வோர் அணியும் இருண்ட கண்ணாடியைப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. சோடியப் புகை கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும் காரத்தன்மை கொண்டது. மூச்சுக்கருவி இல்லாமல் மூடிய அறையில் அதன் அருகே போகக் கூடாது.

முதல் படி: நெருங்குவதா, விலகுவதா என்று முடிவு செய்தல்

தீயைக் கண்டவுடன் குரல் கொடுத்து மற்றவர்களை வெளியேற்றுங்கள்; தீயணைப்பு நிலையத்துக்கு ஒருவர் அழைக்கட்டும். அழைக்கும்போது எரிவது உலோகம் என்பதையும், எந்த உலோகம், ஏறத்தாழ எவ்வளவு என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். வருபவர்கள் தண்ணீர்க் குழாயோடு உள்ளே நுழைந்துவிடாமல் தடுப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

பிறகு நிலைமையை எடைபோடுங்கள். எரிவது ஒரு தட்டிலோ சிறு குவியலிலோ அடங்கும் அளவாக இருந்து, உரிய பொடி போதுமான அளவு கையில் இருந்து, தரை உலர்ந்திருந்து, பின்னால் வெளியேறும் வழி திறந்திருந்தால் மட்டுமே நெருங்கலாம். காற்றில் உலோகத் தூள் மிதந்தாலும், தூசுறிஞ்சும் கருவிக்குள்ளோ அதன் குழாய்களுக்குள்ளோ தீ இருந்தாலும், பெரிய அளவில் உருகிய உலோகம் ஓடினாலும், அருகில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் விலகிவிடுவதே சரியான முடிவு. உலோகத்தை எரிந்து தீரவிட்டு, சுற்றுப்புறத்தை மட்டும் காப்பதைப் பயிற்சிபெற்ற தீயணைப்பு வீரர்களும் பல வேளைகளில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டாம் படி: தீயைத் தனிமைப்படுத்துதல்

இயந்திரத்தை நிறுத்துங்கள். வெட்டும் திரவம் ஓடிக்கொண்டிருந்தால் உடனே அடையுங்கள். நீர் கலந்த வெட்டுத் திரவம் தண்ணீரைப் போலவே நடந்துகொள்ளும். தீயின்மேல் காற்றை வீசும் விசிறிகளை அணைத்துவிடுங்கள். எரியாத உலோகத்தை, தீயைக் கடந்து கை நீட்டாமல் எடுக்க முடிந்தால் மட்டும், தூள் கிளம்பாதபடி மெதுவாக அப்புறப்படுத்துங்கள். துடைப்பத்தால் தள்ளுவதும், அழுத்தக் காற்றால் ஊதுவதும் தூளைக் கிளப்பி வெடிப்பை அழைக்கும் செயல்கள்.

மூன்றாம் படி: பொடியை இடுதல்

காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்றுகொள்ளுங்கள். ஒளியை நேராகப் பார்க்க வேண்டாம். உருளைத் தீயணைப்பானாக இருந்தால், விசையைச் சற்றுத் தொலைவிலேயே திறந்து, பொடி சீராக வரத் தொடங்கிய பிறகே மெல்ல நெருங்க வேண்டும். எரியும் சீவலின் அருகில் நின்று திறந்தால், முதலில் வரும் வேகமான வீச்சு அதைச் சிதறடித்து, ஓரிடத்துத் தீயைப் பல இடங்களின் தீயாக்கிவிடும். முதலில் குவியலைச் சுற்றிலும் விளிம்பை மூடி, பிறகு குழல்முனையை உயர்த்திப் பிடித்து, பொடி தன் எடையிலேயே மேலே வந்து படியும்படி நடுப்பகுதியை மூடுங்கள். மண்வாரியால் இடும்போதும் இதே ஒழுங்குதான். ஓங்கி எறியாமல், தீயின் ஓரத்துக்கு அருகே வாரியைத் தாழ்த்தி, சரித்துவிட வேண்டும்.

மூடும் கனம் தாராளமாக இருக்கட்டும். உலோகத்தின் எந்தப் பகுதியும் வெளியே தெரியாத அளவுக்கு, குறைந்தது சில சென்டிமீட்டர் கனத்துக்குப் பொடி நிற்க வேண்டும். ஒளி மறைந்ததும் தீ அணைந்துவிட்டது என்று எண்ணிப் பொடியை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. மெல்லிய படலத்தில் விரிசல் விழுந்து காற்று உள்ளே போனதும், அதே இடத்தில் மீண்டும் வெண்மையாகக் கனல் எழும். அப்படி எழும் ஒவ்வொரு புள்ளியிலும் உடனே மேலும் பொடியிட வேண்டும்.

மரத்தரையிலோ எரியக்கூடிய வேறு பரப்பிலோ சீவல் எரிந்தால், மேலே மூடுவது மட்டும் போதாது. அடியில் தரை கருகிக்கொண்டே இருக்கும். முதலில் மேலே பொடியிட்டு அடக்குங்கள். பிறகு பக்கத்தில் ஓர் இரும்புத் தகட்டின்மேலோ தரையின்மேலோ ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பொடியைப் பரப்பி, எரியும் உலோகத்தை மண்வாரியால் சிறிது சிறிதாக அந்தப் படுகைக்கு மாற்றி, மீண்டும் மூடுங்கள். கான்கிரீட் தரையும் முழுப் பாதுகாப்பன்று. அதற்குள் எப்போதும் ஈரம் இருப்பதால், உருகிய மக்னீசியமோ சோடியமோ அதன்மேல் பரவினால் கான்கிரீட் வெடித்துச் சில்லுகளாகத் தெறிக்கும். இத்தகைய உலோகங்களை உருக்கும் இடங்களில் அடியில் எஃகுத் தட்டு வைப்பது இதனால்தான்.

நான்காம் படி: காத்திருத்தல்

மிகவும் கடினமான படி இதுவே, ஏனெனில் இதில் செய்வதற்கு எதுவும் இல்லை. பொடிக்கு அடியில் உலோகம் இன்னும் பல நூறு டிகிரி சூட்டோடு இருக்கிறது. பொடி வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதால் அது மெதுவாகவே ஆறும். சிறு குவியலுக்கே சில மணி நேரம் ஆகலாம், பெரிய குவியலை மறுநாள்வரை விட்டுவைப்பது வழக்கம். இடையில் கம்பியால் கிளறிப் பார்ப்பது கூடாது. கிளறிய இடத்தில் காற்றுப் புகுந்தால் தீ மீண்டும் தொடங்கும். கையிருப்பிலுள்ள பொடியோ ஏற்கெனவே குறைந்திருக்கும். வெப்பப் படக்கருவி இருந்தால் தொலைவிலிருந்தே சூட்டைக் கண்காணிக்கலாம், ஆனால் அது காட்டுவது மேற்பரப்பின் சூட்டைத்தான் என்பதை மறக்க வேண்டாம். ஒருவர் கூடுதல் பொடியோடும் வாரியோடும் காவல் இருக்க வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துக் கழுவும் வேலையை யாரும் தொடங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பே.

சில தனிச் சூழல்கள்

திரவச் சோடியம் கசிந்து எரிவது, சீவல் எரிவதைப் போன்றதன்று. சோடியம் 98 டிகிரியிலேயே உருகிவிடுவதால் அது தாழ்ந்த இடங்களை நோக்கி ஓடும். குட்டையான சுடரோடும் அடர்ந்த வெண்புகையோடும் எரியும். ஓட்டத்தைக் கரைகட்டி நிறுத்துவது முதல் வேலை. சோடா சாம்பலையோ உப்புப் பொடியையோ முன்னால் வரம்பாகக் குவித்து, பிறகு மேலே மூட வேண்டும். பெரிய சோடிய ஆலைகளில் குழாய்களுக்குக் கீழே எஃகுத் தட்டுகளை வைத்து, கசியும் சோடியம் குறுகிய வழியாக நைட்ரஜன் நிரம்பிய தொட்டிக்குள் வடிந்துவிடும்படி அமைப்பதுண்டு. காற்று கிடைக்காமல் அது அங்கே தானாக அணைந்துவிடும். சோடியத்தால் குளிர்விக்கப்பட்ட ஜப்பானின் மோன்ஜு அணு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று இரண்டாம் சுற்றுக் குழாயிலிருந்து சில நூறு கிலோ சோடியம் கசிந்து எரிந்தபோது, காற்றோட்டக் குழாயும் கீழிருந்த இரும்புக் கிராதியும் உருக்குலைந்தன. உயிரிழப்பு இல்லை; ஆனால் அந்த உலை மீண்டும் இயங்கப் பல ஆண்டுகள் ஆயின.

பொட்டாசியத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பழைய பொட்டாசியத்தின்மேல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ படலம் தெரிந்தால் அதில் சூப்பர் ஆக்சைடு என்ற, ஆக்சிஜன் மிகுந்த சேர்மம் உண்டாகியிருக்கக்கூடும். அதைக் கத்தியால் வெட்டினாலோ, எண்ணெயோடு சேர்த்து அழுத்தினாலோ வெடிக்கலாம். அத்தகைய கட்டியைத் தொடாமல், தகுதியுள்ளவர்களிடம் அகற்றும் பொறுப்பை விட்டுவிட வேண்டும்.

வாகனத் தீயில் மக்னீசிய உதிரிப்பாகம் ஒன்று எரிந்தால், தீயணைப்பு வீரர்கள் தொலைவில் நின்றபடி பெருமளவு தண்ணீரைப் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற எரிபொருட்களை அணைக்கவும், சிறிய உலோகப் பாகத்தின் சூட்டை ஒரே மூச்சில் எரிநிலைக்குக் கீழே இறக்கவும் அவர்கள் அப்படிச் செய்கிறார்கள். முழுக் கவச உடையும், தெறிப்பு வரும் என்ற எதிர்பார்ப்பும் அவர்களிடம் உண்டு. ஒரு வாளித் தண்ணீரோடு நிற்கும் மற்றவருக்கு அது முன்மாதிரி ஆகாது. உலோகத் தீக்குக் கொஞ்சம் தண்ணீர் என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

உடலில் பட்டால்

எரியும் உடையைக் களைந்து, தோலில் ஒட்டிய சோடியம், பொட்டாசியம், லித்தியத் துகள்களை உலர்ந்த இடுக்கியால் உடனே எடுத்துவிட வேண்டும். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. துகள்களை நீக்கிய பிறகே ஏராளமான தண்ணீரை நீண்ட நேரம் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். அங்கே மிஞ்சியிருப்பது கடும் காரமாதலால் சிறிதளவு கழுவுவது போதாது. எடுக்க முடியாத துகள்கள் ஆழப் பதிந்திருந்தால், அவற்றைக் கனிம எண்ணெயால் மூடியபடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எந்த உலோகம் என்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: எச்சத்தை அகற்றுதல்

ஆறிப்போன மேலோட்டுக்கு அடியில் எரியாத உலோகம் மிஞ்சியிருப்பது வழக்கமே. அதோடு, எரியும்போது உண்டான நைட்ரைடுகள் ஈரம் பட்டால் அம்மோனியாவை வெளியிடும். கிராஃபைட்டோடு சேர்ந்து உண்டான கார்பைடுகள் அசெட்டிலீனை வெளியிடலாம். மணல் பட்ட மக்னீசிய எச்சத்தில், ஈரத்தோடு வினைபுரியும் சிலிக்கான் சேர்மமான சிலிசைடு இருக்கக்கூடும். இதனால் எச்சத்தைப் பொதுக் குப்பையிலோ கழிவுநீர்க் குழாயிலோ சேர்க்க இடமில்லை. தீப்பொறி எழுப்பாத கருவிகளால், சிறு அளவுகளாக, உலர்ந்த எஃகுக் கலங்களில் எடுத்து, மேலே உலர்ந்த பொடியோ, சோடியமாக இருந்தால் கனிம எண்ணெயோ இட்டு, கட்டடத்துக்கு வெளியே மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். ஈரம் பட்ட எச்சத்தை இறுக மூடினால், ஹைட்ரஜன் சேர்ந்து கலமே வெடிக்கும் என்பதால் அதற்குக் காற்றுப்போக்குள்ள மூடியே ஏற்றது. கலத்தின்மேல் உலோகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி, அபாயக் கழிவுகளைக் கையாளும் உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

காலியான தீயணைப்பானில், முன்பிருந்த அதே வகைப் பொடியைத்தான் நிரப்ப வேண்டும். வேறு பொடியின் மிச்சத்தோடு கலந்துவிட்டால் அது கட்டிபிடிக்கலாம், வினையும் புரியலாம். வாளியில் மீந்த பொடியைக் கையால் அள்ளிப் பார்த்து, கட்டி தென்பட்டால் முழுவதையும் மாற்றிவிடுங்கள். உலோக வேலை மீண்டும் தொடங்குவதற்கு முன் வாளி நிரம்பியிருக்க வேண்டும்.